சீசனில் திறந்த கை

பக்கவாதம் வந்த முதல் மாதம் என் மனைவியின் இடது கை ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு பழுதாகவில்லை, கால் மெல்ல நடைக்கு வந்துவிட்டது, கை மட்டும் அசையவில்லை. இரண்டாம் மாதத்தில் முழங்கை தானாக மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டன. கைக்குப் பலம் வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். விவரம் கெட்ட சந்தோஷம். சில வாரங்களில் நகங்கள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டன. மூடிய கைக்குள் வேர்வை நின்று நாற்றம் எடுத்தது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் எங்களுக்குச் சிப்ஸ் கடை. ஆரம்பித்த நாளிலிருந்து நேந்திரங்காய் சீவியது அவள்தான். இப்போது தென்காசி வீட்டில், பக்கத்து வீட்டுப் பெண் வந்து தலை பின்னிவிடுவதற்காகக் காத்திருந்தாள்.

என் அக்கா சொன்னாள் என்று செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தேன். தைலம் தடவி ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தினார். அவள் அலறினாள். நான்தான் தோளை அமுக்கிப் பிடித்திருந்தேன். மறுநாள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அருவியில் நின்றால் நரம்பு இளகும் என்று அடுத்து யாரோ சொன்னார்கள். தண்ணீர் குறைவாக விழுந்த ஒரு நாளில் அக்கா அவளைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கை இன்னும் இறுகி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ஈரச் சேலையை மாற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான், வாரம் ஒருநாள் தென்காசிக்கு வரும் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம்.

“கையில கோளாறு இல்ல அண்ணாச்சி. இறுக்கு, தளர்த்துன்னு சதைக்குச் சொல்லுதது மூளை. தளர்த்தச் சொல்லுத இடம் இவங்களுக்கு அடிபட்டுட்டு. அதான் கை விடமாட்டேங்குது.”

ஊசி ஒன்று இருக்கிறது என்றார். இறுகிய சதையிலேயே போடுவது. “ஆனா மூணு மாசந்தான் நிக்கும். அதுக்குள்ள தெனமும் கைக்கு வேலை கொடுக்கணும். கை செய்யச் செய்யத்தான் மிச்சமிருக்க மூளை புது வழி பழகும். சும்மா வச்சிருந்தா, அந்தக் கை ஒண்ணு இருக்கதையே மூளை விட்டுரும்.”

“புரியுது டாக்டர்” என்றேன். புரியத்தான் செய்தது. அன்றைக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பத்து நாளில் கை திறந்தது. வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவள் வெயிலில் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். குணமாகிவிட்டது என்று எழுதியும் அனுப்பினேன்.

அந்த வாரம் சாரல் தொடங்கியது. அருவிக்குக் கூட்டம் வருகிற சீசன், எங்கள் வருஷ வியாபாரமே அந்த மாதங்களில்தான்.

பயிற்சிக்கு இன்னொரு ஆள் வேண்டும். மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தால்தான் அவளால் விரலை விரித்து டம்ளரைப் பிடிக்க முடியும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். முதல் நான்கு நாள் பிடித்தேன். ஐந்தாம் நாள் வண்டி வண்டியாகக் கூட்டம் வந்து இறங்கியது.

“ஏங்க, கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. இன்னைக்குப் பெருவிரல் அசையுத மாதிரி இருக்கு.”

“காய் லோடு வந்து நிக்குடி. சீசன் முடியட்டும், நாள் பூரா உங்கூடதான் இருப்பேன்.”

சில நாள் சுவரில் கையை முட்டுக்கொடுத்து அவளே செய்து பார்த்தாள். டம்ளர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே சட்டை மாட்டிக் கிளம்பியிருக்கிறேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்கவில்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இதில் அசிங்கம்.

ஆவணி முடிந்து கூட்டம் வடிந்தபோது விரல்கள் மறுபடி சுருள ஆரம்பித்திருந்தன. திரும்பவும் டாக்டரம்மாவிடம் போனோம். கையை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, “பயிற்சி செஞ்சீங்களா?” என்று கேட்டார்.

“செஞ்சோம் டாக்டர், முடிஞ்ச வரைக்கும்” என்றேன்.

என் மனைவி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். “இந்த வருசம் சீசன் நல்லா இருந்துச்சு டாக்டர்.”

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது ஊசியில் கை பாதிதான் திறந்தது. தசை நீளம் குறைந்துவிட்டது, பழைய மாதிரி விரியாது, ஆனாலும் பயிற்சியை விடக்கூடாது என்றார்கள். கடையை என் தம்பியிடம் ஒப்படைத்தேன். இப்போது தினமும் இரண்டு வேளை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். பெருவிரல் கொஞ்சம் விலகுகிறது. மற்ற நான்கும் அசையவில்லை. மூளை புது வழி பழகுவதற்கு ஆரம்ப மாதங்கள்தான் நல்ல காலம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். நான் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எந்தம்பி மாதிரி பொண்டாட்டியத் தாங்குதவன் யாரு இருக்கான்” என்றாள். நேரம் முடிந்ததும் என் மனைவி கையை என்னிடமிருந்து வாங்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.