நீட்டிய கையில் கட்டிய காப்பு

லோகப்பிரியாவைப் பயந்தவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. பம்பு மோட்டார் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். சூப்பர்வைசரையே எதிர்த்து நின்று கேட்பவள். சாயங்காலமானால் வள்ளிக்கும்மி. முன்வரிசையில் அவள் அடி வைத்தால் பின்னால் நாற்பது பேர் பிசகாமல் வைப்பார்கள்.

அம்மன் காப்பு என்றால் மட்டும் அவளுக்குப் பயம். காப்புக் கட்டியவர்கள் நோன்பு முடிகிற எட்டாம் நாள் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு வயதில், மஞ்சள் நூல் கட்டிய கையோடு பொள்ளாச்சிச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அம்மை போட்டது. இடது புருவத்தின் மேல் அந்தக் குழி இன்றும் இருக்கிறது.

அதனால் இந்த வருஷம் அவள் கட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்கு விமானம். சிலி நாட்டுக்கும் நமக்கும் கலாச்சாரப் பரிமாற்றம். அங்கிருந்து ஒரு ஆட்டக்குழு இங்கே வரும், இந்த ஊரிலிருந்து அவள் ஒருத்தியும் வேறு ஊர்களிலிருந்து ஏழு பேரும் அங்கே போய் ஆடுவார்கள். பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்தும் நம்பிக்கை வராமல் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள்.

விருந்தாளிகள் வரும் தேதியைக் குறித்தது டெல்லி. காப்புக்கு நாள் குறித்தது பூசாரி பங்காரு. இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

கோயில் திடலில் சிலிக்காரர்கள் கைக்குட்டையைச் சுழற்றி ஆடிக் காட்டினார்கள். அவர்களில் மரிசோல் என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், லோகப்பிரியாவோடு ஒட்டிக்கொண்டு கும்மி பழகினாள். பிறகு காப்புத் தட்டு வந்தது. ஊர்ப் பெண்களின் கையில் லோகப்பிரியா வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தாள். வரிசையின் கடைசியில் மரிசோல் சிரித்தபடி கையை நீட்டினாள். மொழிபெயர்ப்பாளர் திடலின் மறுகோடியில் இருந்தார்; வேண்டாம் என்று சொல்ல எந்த பாஷை? பாஷை இருந்தாலும், வந்த விருந்தாளியிடம் அதை எப்படிச் சொல்வது? மூன்று முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பங்காரு பார்த்துவிட்டார்.

“ஏனம்மணி, அந்தம்மா எட்டு நாளும் நம்மூருலயே இருக்கப் போவுதா?”

“இல்லைங்க. மத்தியானமே பஸ்சுங்க.”

“அப்பறம் ஏன் கட்டிப்போட்டே?”

“நீட்டுன கைய எப்படிங்க மடக்கச் சொல்றது?”

அறுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அவர் காதைப் பொத்திக்கொண்டார். கட்டிய கையே அவிழ்த்து வாங்கித் தன் கையில் ஏற்றுக்கொண்டால் தோஷமில்லை, அதுவும் எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டால் சிலி இல்லை.

பக்கத்தில் நின்ற கும்மித் தோழி அம்புஜம் மட்டும், “அங்கெல்லாம் ஆசுபத்திரி இல்லாமயா இருக்கும்? போவட்டும் உடு,” என்று சிரித்தாள்.

லோகப்பிரியாவும் விட்டுவிடத்தான் பார்த்தாள். பஸ் கிளம்பியபோது எல்லோரோடும் நின்று கையசைத்தாள். கடைசி சீட்டு ஜன்னலில் மரிசோலின் கை ஆடியது. மணிக்கட்டில் மஞ்சள். புருவக் குழி அரிப்பது போலிருந்தது. கடல் தாண்டிய ஊரில் மூன்றாம் நாள் அந்த அம்மாள் ஜுரத்தில் கிடப்பாள். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இங்கே ஒருத்திக்குத் தெரியும்.

ஸ்கூட்டரை எடுத்தாள். எல்லைக்கல் ஒன்றரை கிலோமீட்டர். ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். டிரைவர் காதில் விழவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் பஸ்ஸை முந்தி, குறுக்கே நிறுத்தி, ஓடிவந்து பின்வாசலில் ஏறினாள்.

மொழிபெயர்ப்பாளர் அருள்குமாரிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அவர் சொல்லி முடிக்குமுன் மரிசோல் காப்பை மறுகையால் மூடிக்கொண்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று முகம் சுண்டிவிட்டது.  லோகப்பிரியா முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, புருவக் குழியைக் காட்டினாள். மரிசோல் ஒற்றை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

மெல்லிய கம்பியைச் சிக்கில்லாமல் பிரிக்கும் விரல்களுக்கு மூன்று முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நூல் அவ்வளவு இறுகியிருந்தது. கடைசியில் அவிழ்ந்தது. மரிசோலே அதை வாங்கி, காலையில் பார்த்தபடி, லோகப்பிரியாவின் கையில் கட்டினாள். மூன்று முடிச்சு.

“அக்கா, அப்ப உங்க பிளைட்?” என்றார் அருள்குமார்.

“வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிருங்க.”

இறங்கியதும் முதலில் சக்கரங்களைத்தான் பார்த்தாள். முன்சக்கரம் கல்லைத் தாண்டி நின்றது. பின்சக்கரம், பின்வாசல், கடைசி சீட்டு எல்லாம் இந்தப் பக்கம். இன்னொரு தரம் பார்த்தாள். இந்தப் பக்கம்தான்.

பஸ் ஸ்கூட்டரைச் சுற்றி வளைந்து போனது. பஸ் மறைந்த பிறகுதான் கவனித்தாள்: ஸ்கூட்டர் கல்லுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, சாவியோடு நின்றது. அம்புஜத்துக்குப் போன் போட எடுத்தாள். அவள் கையிலும் காப்பு. ஊரில் எல்லார் கையிலும் காப்பு.

தாண்டக்கூடிய யாராவது அந்த வழியே வரட்டும் என்று, கல்லைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றாள்.