நாலு சென்டிமீட்டர் வீடு

என் கணவருக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது எழுபதுகளின் கடைசியில். நீராவி எஞ்சின்கள் ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் இரண்டு பிளைவுட் பலகைகளோடு வீட்டுக்கு வந்து, அவற்றைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டார். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்குப் போகும் கிளைப்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. அவருடைய அப்பா அங்கே மாஸ்டராக இருந்தவர். அந்த ஸ்டேஷனை, பழைய எஞ்சினும் பெட்டிகளுமாக, அச்சு அசலாகச் சின்ன மாதிரியாகச் செய்யப்போகிறாராம். அன்றிலிருந்து புந்தோங்கில் எங்கள் வீட்டில் தரையில்தான் சாப்பாடு.

நிஜத்தில் ஒரு அடி என்றால் இதில் நாலு மில்லிமீட்டர். அந்த அளவுதான் அவருக்கு வேதம். தண்ணீர்த் தொட்டி, சிக்னல் கம்பம், மாஸ்டர் வீட்டு ஜன்னல் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அறுப்பார். பசை டப்பாவை நான் கொஞ்சம் நகர்த்தினாலும் சத்தம். "தொடாதலா! இன்னும் காயல!" சர்ச்சுக்குப் போய் வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே பிறந்து, கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கேயே பால் வெட்டியவள். அந்தப் பக்கத்துக்கு இவர் என்ன செய்தார் தெரியுமா? விளக்குமாற்றுக் குச்சிகளை வரிசையாக நட்டு, மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து மேலே ஒட்டிவிட்டார். பால்மரமாம். ஒட்டு வீடுகளில் அத்தனை குடும்பங்கள் வரிசையாக இருந்த லயத்தைக் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இதுதான் அது.

"லயம் எங்கங்க?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன்லருந்து பாத்தா மரம் மட்டும்தான் தெரியும்."

"எங்க வாசல்லருந்து பாத்தா உங்க ஸ்டேஷன் நல்லாத்தானே தெரிஞ்சிச்சு?"

"சரி, நீயே செஞ்சி வை. அளவு மட்டும் தப்பக்கூடாது" என்றார்.

செய்தேன், வீம்புக்காகவே செய்தேன். அவர் ஸ்கேலையே எடுத்து அவர் கணக்கையே போட்டேன். எங்களுக்கு ஒரே அறை, பத்தடிக்குப் பத்தடி. அப்படியென்றால் நாலு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். அட்டையில் சுவர், பிஸ்கட் டின் தகரத்தில் கூரை, வரிசையாக ஆறு கதவுகள். தையல் ஃபாக்டரி வேலை முடிந்து வந்து, மூன்று வாரம் உட்கார்ந்து முடித்தேன். தகரம் வெட்டி விரலெல்லாம் காயம்.

அவர் குனிந்து பார்த்தார். "தப்பு."

"எது தப்பு?"

"ரொம்ப சின்னதா இருக்கு. இதுல எப்படி எட்டுப் பேரு இருந்திருப்பீங்க? நீ மறந்திருப்பே."

மறந்திருப்பேனாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த மனிதர் பெண் கேட்டு வந்தபோதே அவரை வாசலில் நாற்காலி போட்டுத்தான் உட்காரவைத்தோம். உள்ளே நாற்காலி போட இடம் ஏது? அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டாரா? மறுவாரம் வேலையிலிருந்து வந்து பார்த்தால், பலகையில் என் லயத்தைக் காணோம். அந்த இடத்தில் பெயிண்டெல்லாம் அடித்த வேறொன்று இருந்தது. அதில் அறைக்கு ஆறு சென்டிமீட்டர். என்னுடையதைப் பழைய பேப்பர் கட்டுக்குமேல் வைத்திருந்தார்.

"கண்ணுக்கு இப்பத்தான் சரியா இருக்கு" என்றார், அளவையே வேதம் என்ற மனிதர்.

இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மூன்றாம் நாள் சொன்னேன். "வாங்க, நேரா போயே அளந்து பாத்துடலாம்."

பீடோர் வரைக்கும் பஸ், அங்கிருந்து டாக்சி. லயம் அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பாயைச் சுருட்டி இடம் விட்டார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையோடு அவர் நடந்தார். நாலே எட்டில் சுவர் வந்துவிட்டது. ஒன்பதடி எட்டங்குலம். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"பத்தடிகூட இல்லயே" என்றார்.

"நான் சொன்னப்ப நம்பல. டேப்பு சொன்னா மட்டும் நம்புவீங்களா?" அந்த அக்கா முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் தான் செய்ததைப் பிய்த்து எடுத்துவிட்டு என் லயத்தை ஒட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அடுத்த மாதம் அவருடைய ஆபீஸ் கூட்டாளிகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ரயில் ஓடியது, இருவரும் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து தோட்டத்துப் பக்கம் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கு மச்சான். இந்த லயம் மட்டும் ரொம்ப சின்னதா போச்சுலா."

"இல்ல, அது சரியான அளவுதான்" என்றார் என் கணவர். "நானே போயி அளந்தேன்."

நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தட்டைக் கொண்டுபோய் அவருடைய பிளாட்பாரத்தின்மேலேயே வைத்தேன். இரண்டு விளக்குக் கம்பங்கள் ஒடிந்தன.

"அவரு அளந்தது ஒரு நாளுண்ணே" என்றேன். "நான் அதுல இருவது வருஷம் படுத்திருக்கேன். எதுன்னாலும் என்னயக் கேளுங்க."