கருகிய புட்டும் கிடைத்த விசுவாசமும்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். நான் செபிப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடங்களில் ஒரு நாள்கூடச் செபமாலையைத் தவறவிட்டதில்லை.

என் பெயர் றெஜினா. நெடுந்தீவில் இருக்கிறேன். எங்கள் சிறு கோயிலில் காலைச் செபமாலையை முன்னின்று சொல்பவள் நான்தான். யாழ்ப்பாணம் போகிற சனம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வந்து முழந்தாளிடும். காலைப் போட் யாருக்காகவும் காத்து நிற்காது. மாதாவுக்காகவும் நிற்காது. அதனால் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தையும் பதினொரு நிமிடத்தில் முடித்துவிடுவேன். சனம் மறுமொழி சொல்லி முடிக்குமுன் அடுத்த மணியின் மங்களவார்த்தைச் செபத்தைத் தொடங்கிவிடுவேன். "றெஜினா அக்கா சொன்னா போட் தவறாது" என்று எனக்கு ஊரில் ஒரு பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் வீடு கோயிலுக்கு அடுத்த வளவு. ஓலை நீத்துப்பெட்டியில் புட்டைப் போட்டு, பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். இரண்டாம் பத்தில் ஆவி வரும். ஐந்தாம் பத்தில் புட்டு அவிந்துவிடும். முடித்துவிட்டு வந்து இறக்கினால் பூப்போல இருக்கும். இருபது வருடமாக ஒரு நாளும் பிசகவில்லை. புட்டு அவிந்தது. நான்தான் பச்சையாகவே இருந்தேன்.

போன தவக்காலத்தில் கனடாவிலிருந்து தங்கச்சி லில்லி போன் எடுத்தாள். மார்பில் ஒரு கட்டியாம். ஊசியால் எடுத்துச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார்களாம்.

"அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறனீங்கள்தானே. எனக்காகவும் சொல்லுங்கோ," என்றாள்.

"ஓம் ஓம், நீ பயப்பிடாதை," என்றேன்.

மறுநாள் லில்லிக்காக என்று நினைத்துக்கொண்டுதான் முழந்தாளிட்டேன். முடித்து எழும்பியபோதுதான் விளங்கியது. முதல் பத்து முழுக்க ஆட்டுக்கொட்டில் கூரையைத் திருத்தியிருக்கிறேன். அடுத்த பத்தில் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரியோடு மனதுக்குள் ஒரு சண்டை. அதில் நான்தான் வென்றேன். லில்லி ஒரு மணியிலும் வரவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வாய் தன்பாட்டில் கோயிலில் நின்றது, மனம் தன்பாட்டில் வளவில் நின்றது.

எனக்குப் பயம் பிடித்தது. கூடப்பிறந்தவளுக்காக அத்தனை மணியில் ஒரு மணி உருட்ட என்னால் முடியவில்லை. எனக்கு இருப்பது விசுவாசமா, வெறும் பழக்கமா? கிணற்றடியில் குந்தியிருந்து அழுதேன். "ஆண்டவரே, எனக்கு விசுவாசம் தாரும். கெதியாத் தாரும். தங்கச்சியின்ரை சோதனை மறுமொழி அடுத்த கிழமை வருது," என்றேன். அவருக்கும் நான் போட் நேரம்தான் கொடுத்தேன்.

அடுத்த நாளே பதில் வந்தது. நாலு காலில் வந்தது.

மதில் சரிந்திருந்த இடத்தால் எங்கள் தீவில் அவிழ்ந்து திரிகிற கட்டாக்காலிக் குதிரைகள் ஐந்து உள்ளே வந்து, என் பயற்றங்கொடியில் வாய் வைத்தன. எங்கள் ஊரில் குதிரைக்கு அடிக்கக் கூடாது, சத்தம் மட்டும் போடலாம். நான் போட்டேன். பின்னேரம் முழுக்கப் போட்டேன். அவை ஆறுதலாகத் தின்று முடித்துவிட்டுப் போயின. என் குரலும் அவற்றோடு போய்விட்டது.

"ஒரு கிழமைக்கு வாய் திறக்கக் கூடாது அம்மா. குசுகுசுக்கவும் கூடாது," என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற என் மனுசன் செபஸ்தியான் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் முதலில் கேட்கப்பட்ட செபம் அவருடையதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஆண்டவரோடு சரியான கோபம். விசுவாசத்தைக் கேட்டால் குரலைப் பறிப்பதா?

என்னுடைய இடத்தில் அருளப்பு அண்ணை செபமாலை சொல்ல வந்தார். வயதான கடற்றொழிலாளி. வாயில் பல்லும் இல்லை, நெஞ்சில் மூச்சும் இல்லை. ஒரு மங்களவார்த்தை சொல்வார், நிறுத்துவார். மாதா ஏதும் மறுமொழி சொல்லுகிறாவா என்று பார்ப்பவர் மாதிரிச் சுரூபத்தைப் பார்ப்பார். பிறகுதான் அடுத்தது.

சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. "அண்ணை, கொஞ்சம் கெதியா... போட் வெளிக்கிடப் போகுது," என்றா ஒரு ரீச்சர்.

"போறாக்கள் போங்கோ பிள்ளையள். மாதா இஞ்சைதான் நிப்பா," என்றார்.

பாதிச் சனம் எழும்பிப் போனது. நான் பின்னால் பாயில் இருந்து பல்லைக் கடித்தேன். அவர் ஒரு பத்தை முடிப்பதற்குள் மனதுக்குள் மூன்று பத்து ஓடி முடித்துவிட்டேன். இரண்டாம் பத்தில் எனக்கே களைத்துவிட்டது. ஓடுவதற்கு இடமும் இல்லை, குரலும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் லில்லி வந்தாள். ஆஸ்பத்திரிக் கதிரையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தனியாக இருந்தாள். "ஆண்டவரே, அவள் பயப்பிடுறாள். பக்கத்திலை இரும்," என்றேன். சத்தமில்லாமல், நெஞ்சால் சொன்னேன். அவ்வளவுதான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் செபித்த முதல் செபம் அது. கண்ணீர் ஊற்றியது.

மூன்றாம் பத்தில் கருகல் மணம் வந்தது. எனக்குத் தெரியாத மணமா? பானைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஆனால் எழும்பிப் போக மனம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்திருந்தேன்.

"இஞ்சருமப்பா! பானை பத்துது! நீர் என்ன இருக்கிறீர்?" என்று செபஸ்தியான் வாசலில் நின்று கத்தினார். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அழுதுகொண்டே இருந்தேன். வாய் திறந்து சொல்லவும் ஏலாது.

அருளப்பு அண்ணை என் கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போனார். "அழாதையும் பிள்ளை. குரல் வந்த உடனை நீரே சொல்லலாம். உம்முடைய இடம் எனக்கு வேண்டாம்," என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

செபஸ்தியான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்ப் பானையைத் தானே இறக்கிவிட்டு, சுட்ட விரலை ஊதிக்கொண்டு வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். அவருக்கு நேரம் பிந்தவில்லை. நாலாம் பத்துத்தான் போய்க்கொண்டிருந்தது.

கட்டி கரைந்துவிட்டது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஆண்டவருக்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது. கட்டி கெட்டதுதான். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது. இப்போது சுகமாயிருக்கிறாள், மயிரும் முளைத்துவிட்டது, அதற்கும் அவருக்கே நன்றி. ஆனால் முடிவு தெரியுமுன்பே நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. குரல் வந்த அன்று லில்லிக்குப் போன் எடுத்தேன். "செபிக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடாமல் அவளோடு சேர்ந்தே செபித்தேன். ஒரு மங்களவார்த்தை சொல்வேன். அவள் மறுமொழி சொல்லி முடியும் வரை காத்திருப்பேன்.

"அக்கா, நீங்கள் முந்தி இப்பிடிச் சொல்லுறேல்லையே," என்றாள்.

"முந்தி நான் சொல்லவேயில்லை, லில்லி," என்றேன்.

இப்போது கோயிலில் போட் நேரத்துக்குள் மூன்று பத்துத்தான் முடிகிறது. மிச்சம் இரண்டையும் போகிறவர்கள் கடலில் சொல்லிக்கொள்கிறார்கள். அலை அடிக்கிற நாளில் என்னைவிட நன்றாகச் செபிக்கிறார்களாம். முறைப்பாடு இல்லாமல் இல்லை. எனக்கு இருந்த பேரும் போய்விட்டது.

அன்பானவர்களே, உங்கள் செபமும் காய்ந்து கிடந்தால் அவரிடம் கேளுங்கள். தருவார். நேரம் மட்டும் குறிக்காதீர்கள், கேட்குமுன் மதிலையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் வந்தால் காலைச் சாப்பாடு என் வீட்டில்தான். புட்டுக் கொஞ்சம் கருகல் மணக்கும். முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அன்று காலை நான் யாருக்காகவோ செபித்திருக்கிறேன்.