வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அக்கா போன வீடு

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகின்ற இவ்வேளையில், இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். அக்காவின் வாழ்வில் நான் அறியாத பகுதியொன்று இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா எங்கள் சிறுவயதிலேயே இறந்துவிட, அம்மா தைத்துக் கொடுத்து எங்களை வளர்த்தார். ரேடியோ திருத்தப் பழகிய அக்கா, புறக்கோட்டையில் ஒரு கடையில் சேர்ந்தார். பெண் பிள்ளை திருத்தினால் செட் பாடுமா என்று சிரித்தவர்கள் பிறகு அவரையே தேடி வந்தார்கள். அம்மா படுக்கையில் விழுந்ததும் கடையை விட்டு, எங்கள் முன்னறையிலேயே மேசை போட்டார். நுகேகொடையிலிருந்தும் ஆட்கள் அம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் பழுதாகியிருக்கும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அந்தச் சின்ன உருளைகள் வயதானால் தலை வீங்கிக் கசியும். செட் இரையத் தொடங்கும். ஒருவர் செட்டில் கழற்றிய பழசை இன்னொருவர் செட்டில் அக்கா போட்டதேயில்லை.

சில வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். கணவர் இறந்து சில மாதங்களாகியிருந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில்.

"போட்டா, பாட்டுக்கு முதல் ஒரு சத்தம் வருது, பிள்ளை," என்றார்.

அக்கா சுவிட்சைப் போட்டார். ஸ்பீக்கரிலிருந்து மெல்ல ஓர் இரைச்சல் எழுந்து, அடங்கி, சற்றுத் தாமதித்து, மறுபடி எழுந்தது.

"என்ர அவருக்கு இழுப்பு வருத்தம். மூச்சு இப்பிடித்தான் வரும்," என்றார் டீச்சர்.

அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். "கெப்பாசிட்டர் போயிட்டுது, டீச்சர். அதாலதான்."

"மாத்தினா சத்தம் நிண்டிடுமோ?"

"ஓம்."

"அப்ப மாத்த வேண்டாம்."

"இப்பிடியே விட்டா சூடாகி வெடிக்கும். வீட்டில நீங்க தனிய."

டீச்சர் ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, மாத்துங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அக்கா திருத்தும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். வயரைச் சுவரிலிருந்து கழற்றி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை வடியவிட்டு, பழைய கெப்பாசிட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டார். புதியவற்றை இன்னும் வைக்கவில்லை. அப்போது ஸ்பீக்கரிலிருந்து அந்த மூச்சு வந்தது.

அக்காவின் கை அப்படியே நின்றது.

"நீ கேட்டனியே?"

"ஓம் அக்கா."

ஸ்பீக்கர் வயரையும் கழற்றினார். மூச்சு நிற்கவில்லை. தானாக அடங்கும்வரை இருவரும் அசையாமல் இருந்தோம்.

"டீச்சருக்குச் சொல்லாத," என்றார் அக்கா. "எனக்கே விளங்கேல்ல. விளங்காததை அவட தலையில போடக் கூடாது."

சுத்தமாகப் பாடிய செட்டை டீச்சர் எடுத்துச் சென்றார். அக்கா அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சாமான் வாங்கவென்று புறப்படத் தொடங்கினார். பிறகு அவருக்கு வந்த நோய் முற்றி நடக்க முடியாமற் போகும்வரை போனார். கடைசி வாரங்களில், வெள்ளிக்கிழமை வந்தால் பொழுது படும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஃபாதர் வந்து நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தைக் கொடுத்த மறுநாள் காலை, என் மடியில் அமைதியாகக் கண்மூடினார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து டீச்சர் என்னிடம் வந்தார்.

"திருத்தின பிறகும் சத்தம் வந்தது, தங்கச்சி. வெள்ளிக்கிழமையில, செட் நிப்பாட்டிக் கிடக்கேக்க. பயந்துபோய் உங்கட அக்காவுக்குப் போன் எடுத்தன். 'தெரியும் டீச்சர், நான் வாறன்' எண்டா. அண்டையில இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, அது அடங்கும்வரைக்கும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருப்பா."

"இப்பவும் வருதா?"

"வருது." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ரெண்டு மூச்சு கேக்குது. மற்றது ஒரு பொம்பிளையின்ர."

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய அயலவர்களுக்கும், செபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா எங்கே போய்வந்தார் என்பதை எனக்குச் சொன்ன டீச்சருக்கும் நன்றி.

பயத்தில் பல மாதம் தள்ளிப்போட்டு, சென்ற வெள்ளிக்கிழமைதான் நான் வெள்ளவத்தைக்குப் போனேன். லைட் போடாமல் டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தேன். கேட்டதை இங்கே எழுதவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் போவேன்.