வெள்ளாற்றங்கரைக்கு ஷர்லி போட்ட பிளான்

வெள்ளாற்றங்கரை என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஷர்லிக்குக் கொட்டாவி வந்துவிடும். கோபம் வந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்த புதிதில் அவள் இப்படியா இருந்தாள்? அடேயப்பா! கருவேல முள்ளை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு கரையிலும் கல் படிக்கட்டு, மருத மரங்கள், சாயங்காலம் பிள்ளைகுட்டிகளோடு உட்கார பெஞ்சுகள் என்று பெரிய பிளானாகப் போட்டாள். "எப்பவாச்சும் வர்ற தண்ணியப் பாக்க இம்புட்டுச் செலவா?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"குப்பை கொட்டத்தானே ஆத்துப் பக்கம் போறோம். ஒருக்கா அதப் பாத்து ஒக்காருங்க. அப்பறம் கொட்ட மனசு வராது."

ஊர் ஆற்றைப் பார்த்து உட்கார வேண்டும். அவள் ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

வந்த அதிகாரிகள் எல்லாரும் தங்கமானவர்கள்தான். பிளானை விரித்தால் "அருமை மேடம்" என்பார்கள். அது மண்டையில் ஏறுவதற்குள் மாற்றலாகிப் போவார்கள். அடுத்து வந்தவர், "கொஞ்சம் சுருக்கிக் கொண்டாங்களேன்" என்பார். மரம் போனது, பெஞ்சு போனது, படிக்கட்டும் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு, சிங்கப்பூர்க் காசில் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் முகப்பு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். திருமயத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் புருஷன் ஜெரால்டு, "நீ இந்நேரத்துக்குக் கட்டுமாவடிக் கடலையே திருப்பி வச்சிருக்கலாம்மா" என்று கேலி செய்வான். முதலில் சிரித்தாள். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, கருமாதிக் கொட்டகை. செத்தவர்களுக்குக் கரையில் வெட்டவெயிலில்தான் காரியம் நடக்கும். பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்து ஈரத்துணி மாற்றுவார்கள். அதற்காகப் பிளானின் மூலையில் ஒரு கொட்டகை போட்டிருந்தாள். அது மட்டும் பாஸாகிவிட்டது. முழுசும் கட்டினால் கட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முறுக்கிக்கொள்ளத் தெம்பில்லை. ஆற்றுப் பக்கம் சுவரே இல்லாமல் திறந்து வைத்து வரைந்தாள். துக்கத்திலாவது நாலு பேர் ஆற்றைப் பார்க்கட்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து வளரும் என்று நினைத்தாள், பாவம்.

வேலை நடந்தபோது யாரும் அவளைக் கூப்பிடவில்லை. முடிந்த பிறகுதான் காண்டிராக்டர் நாகராசு போன் செய்தார். போனாள். கூரை, குழாய், டைல்ஸ் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் கொட்டகை ரோட்டைப் பார்த்து நின்றது. ஆற்றுப் பக்கம் கூரை வரைக்கும் சுவர்!

"என்ன நாகராசு இது?"

"நாத்தம் தாங்கலைங்க மேடம். ஒக்காந்து காரியம் பண்ண முடியலன்னு சனங்கதான் கேட்டாங்க. வண்டி வந்து நிக்கவும் இதுதான் தோது."

அவர் முகத்தில் நல்ல வேலை செய்த பெருமை. திட்டவும் ஆளில்லாமல் போயிற்று. காரியம் முடித்து வந்த ஓர் அம்மா வேறு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் பிளான் போட்டீங்களாமே? பொம்பளைகளுக்கு மறைப்பா இருக்கு தாயி. நல்லா இருப்பீங்க."

ஷர்லி சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஊர்ச் சாக்கடை வந்து ஆற்றுக்குள் தேங்கிக் கிடந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளும் முகத்தைத் திருப்பினாள். திருப்பியதும் அழுகை முட்டியது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

திரும்பி வந்து நாகராசுவிடம் கேட்டாள்.

"இந்தச் சொவத்துல ஒரு சன்னல் வைக்க முடியுமா?"

நாகராசு தலையைச் சொறிந்தார். "வைக்கலாம் மேடம். எம்புட்டு அகலம்?"

ஷர்லி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சுருக்கிக்கொண்டாள்.