ஒரு குழல் குறைகிறது

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஈயக் கூஜாக்களைச் சாம்பல் போட்டுத் துலக்கியது. அவர் ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து, "இது கட்டைக்குரல், இது கீச்சுக்குரல்" என்று அடையாளம் சொன்னார். குழல்களை உருக்கி வார்த்த பிறகு, எது எந்தக் குழல் என்று தெரிய வழியில்லை. சொன்னால் கேட்கமாட்டார்.

"அடெல்ஹைட், நசுங்குன ஈயத்தை ஒடைக்காம நிமித்த முடியுமாடி?"

"முடியும். எந்தப் பாத்திரம்?"

"சும்மா கேட்டேன்."

அப்பா யோஸ் பியூர்க்லி, எங்கள் ஏரிக்கரை ஊரின் கோவிலில், ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியத்துக்குக் காற்றூத துருத்தி மிதித்தவர். சூரிச்சில் புதிய மதம் வந்தது. முதலில் சிலைகள் போயின, பிறகு ஆர்கன். வேதம் காதில் விழ அது இடைஞ்சலாம். அதன் ஈயக் குழல்களை எடைக்கு வாங்கி, உருக்கிக் கூஜாக்களாக வார்த்தது ஈய வேலை செய்யும் நான்தான். அப்பா சில நாள் என் கஞ்சியைத் தொடவில்லை. பிறகு பசி வென்றது.

உருக்குமுன் எடை போட்டபோது ஒரு குழல் குறைந்தது.

"எலி தின்னிருக்கும்," என்றார்.

"ஈயத்தையா?"

"புது மதத்து எலிடி. நோம்பு நாள்னுகூடப் பாக்காது."

துருத்தி போயும் கால் ஓயவில்லை. பிரசங்கத்தின் நடுவே பெஞ்சுக்கடியில் தொம், தொம் என்று மிதிப்பார். ஒரு ஞாயிறு போதகர் பேச்சை நிறுத்தினார்.

"யோஸ், என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. மூச்சே விடாம பேசுறீங்க. காத்து தீந்துடுமேன்னு ஊதிட்டிருந்தேன்."

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. போதகர் அன்று சீக்கிரம் முடித்துவிட்டார். ஊரே அப்பாவுக்கு நன்றி சொன்னது.

எதிர்க்கரை ராப்பர்ஸ்வில்லில் பழைய மதம் திரும்பியிருந்தது. அங்கே ஆர்கன் உண்டு. அதில் ஒரு குழல் இல்லாததால் ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் வராது, ஊமை என்று தோணிக்கார ஹைனி சொன்னான். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தக் கரையிலேயே கண். எலி தின்ற குழல் எங்கே போக நினைக்கிறது என்று எனக்குப் புரிந்தது, கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் அங்கே பூசைக்குப் போனால் அபராதம். அதனால் "மீன் வாங்கப் போறேன்" என்பார். போகமாட்டார். ஒரு நாள் காற்று, ஒரு நாள் மூட்டு வலி.

"பெரியவரே, மீனெல்லாம் கிழடாயிடுச்சு! எப்ப வர்றீங்க?" என்று ஹைனி தண்ணீரிலிருந்து கத்துவான்.

பனி கொட்டிய வாரத்தில் தூக்கத்திலேயே இறந்தார். அடக்கத்தில் பாட்டு இல்லை.

கட்டிலுக்கடியில், அவருடைய பழைய கால்சட்டைக்குள் குழல் இருந்தது. ஒளிக்கும்போது வாயருகே நசுங்கியிருக்கிறது. நசுங்கிய குழல் பாடாது. நிமிர்த்தித் தரச் சொன்னால் எலி மாட்டிக்கொள்ளும்.

உள்ளே மர உருளையை விட்டுத் தட்டி நிமிர்த்தினேன். சின்ன வேலை. ஊதிப் பார்த்தேன். பாடுகிறது.

ஹைனி நேற்று தோணியைத் தண்ணீரில் இறக்கினான். ராப்பர்ஸ்வில்லில் அந்தக் கட்டை இன்னும் ஊமைதான். நாளைக்கு நான் மீன் வாங்கப் போகிறேன்.