கணுக்காலை விட்ட கை

வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரகச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே லேப் இருக்கிறது. ஊசி குத்தும் பெண், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த டெஸ்ட்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லி மழுப்புகிறேன். முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டால் எனக்குப் பின்னால் வெறும் வயிற்றோடு நிற்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததும் அதை ஒருவனுக்கு அனுப்புவேன். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். ஒரே ஒரு நாள், எங்களுக்கு எதிராகக் கபடி ஆடியவன் அவன்.

நான் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி. கல்லூரியின் கபடி அணியில் இடம் கிடைக்காதவர்களெல்லாம் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் போய் நிற்போம். பெரும்பாலும் 'அறுபத்தைந்து கிலோ மேட்ச்'. அதாவது, போட்டியன்று காலை எடை பார்க்கும்போது அறுபத்தைந்துக்கு மேல் இருப்பவன் ஆட முடியாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உண்மையில் எழுபது கிலோ இருப்பவன் எப்படியாவது அந்த ஒரு காலைக்கு அறுபத்தைந்து காட்டிவிட்டால், எதிரில் நிற்கும் நிஜமான அறுபத்தைந்துகளை அள்ளி எறியலாம். எல்லா டீமும் இதைச் செய்தது. செய்யாதவனை ஏமாளி என்றோம்.

எப்படிக் குறைப்பது? இரண்டு நாளைக்குத் தண்ணீரை நிறுத்துவது. உடம்பில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, மேலே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. பபிள்கம் மென்று மென்று எச்சிலை ஒரு பாட்டிலில் துப்புவது. அரை பாட்டில் துப்பினால் எங்களுக்கு ஏதோ பதக்கம் வாங்கின பெருமை. ஒருவன் நூறு கிராம் இடிக்கிறது என்று போட்டியன்று காலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது, கல்லூரியில் சொல்லவே கூடாது. எங்கள் உடற்கல்வி சார், "எவனாவது தண்ணி குடிக்காம எடை குறைக்கிறான்னு தெரிஞ்சுது, கிளப்பையே இழுத்து மூடிடுவேன்" என்று முன்பே எச்சரித்திருந்தார். எங்கள் கேப்டன் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மூன்றாம் வருடம், ஏப்ரல் மாதம். பட்டாபிராமில் போட்டி. காலை ஏழு மணிக்கு நான் அறுபத்து நான்கு கிலோ தொள்ளாயிரம். வழக்கமாக எடை பார்த்து முடித்ததும் தண்ணீரில் விழுந்துவிடுவோம். அன்றைக்கு அந்தப் போட்டியில் புதிதாக ஒரு விதி. எதிரணி கேப்டன் கேட்டால் ஃபைனலுக்கு முன்னால் மறுபடியும் எடை போட வேண்டும். அதனால் நான் தண்ணீரைத் தொடவில்லை. இன்னொரு பக்கத்து அரையிறுதியில் ஜெயித்த டீமின் கேப்டன், வரிசையின் இடது ஓரத்தில், கார்னரில், நின்று ஆடுகிறவன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் அறுபத்தஞ்சா? என் காதுல பூ கீதா? மறுபடி ஏத்துங்க தராசுல" என்று நடுவரிடம் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றைக்கும்தான். "ஏத்துடா, ஆயிரம் வாட்டி ஏத்து" என்று எகிறினேன். கேப்டன் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "மச்சான், வாய மட்டும் கொப்புளிச்சிக்கினு துப்பிரு. ஒரு மடக்கு உள்ள போச்சு, நம்ம கத கந்தல்" என்றான். துப்பினேன். மதியம் இரண்டு மணிக்குத் தராசில் ஏறினேன். அறுபத்து நான்கரை. அந்தக் கார்னர்காரனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன் பாருங்கள், அந்தத் திமிருக்கு இன்றைக்கு என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

சரி, அப்போதாவது குடித்தேனா? இல்லை. எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஆட்டத்துக்குச் சற்று முன்னால் தண்ணீர் குடித்தால் வயிறு குத்தும், மூச்சு நிற்காது என்று. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, சீனியர்கள் சொன்னார்கள், நாங்கள் நம்பினோம். மறுபடியும் கொப்புளித்துத் துப்பிவிட்டு இறங்கினேன்.

ஃபைனலில் முதல் பாதியிலேயே கண் கட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். நான்தான் பாடிக்கொண்டு போனேன். உள்ளே காலை வைத்ததும் அந்தக் கார்னர்காரன் பாய்ந்து என் இடது கணுக்காலைப் பிடித்தான். கபடி ஆடியவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தின் கடைசியில் கால்கள் வியர்வையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், பிடி நிற்கவே நிற்காது. என் கால் வழுக்கவில்லை. நான் விழுந்தேன். என் பாட்டு உடைந்துவிட்டது எனக்கே கேட்டது. இன்னும் ஒரு நொடி அவன் பிடித்திருந்தால் போதும், விசில், கோப்பை, எல்லாம் அவனுக்கு.

அவன் விட்டுவிட்டான்.

கையை எடுத்துவிட்டு என் முழங்காலையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தான். "டேய், இவனுக்கு வேர்வையே இல்லடா. காஞ்சி கீது. நெருப்பாட்டம் கொதிக்கிது. தண்ணி எட்தா, சீக்கிரம்" என்று அவன் சொன்னதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது. பிறகு நடந்ததைப் பின்னால் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நடுவர், "பிடியை ஏம்பா விட்டே?" என்று கேட்டாராம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அவன் டீமே என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நிழலில் போட்டு, ஜெர்சிகளைக் கழற்றி நனைத்து என் மேல் போர்த்தி, அவர்கள் வந்த வேனிலேயே ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேட்ச் அங்கேயே நின்றுபோனது.

எனக்கு நினைவு வந்தபோது டாக்டர் எங்கள் கேப்டனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா சாப்பிட்டான்? தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான் சார். வெயில்ல மயங்கிட்டான் சார், அவ்ளோதான்" என்றான் கேப்டன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் என்னிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிளப் முக்கியம் எங்களுக்கு.

பின்னால் சுவரோடு நின்றிருந்த கார்னர்காரன் முன்னால் வந்தான். "பொய் சார். ரெண்டு நாளா பச்சத் தண்ணி குட்ச்சிருக்க மாட்டான். எடைக்காக. நாங்களும் அப்டித்தான் பண்றோம், எல்லா டீமும் பண்ணுது. இன்னா வேணா எழுதிக்கோங்க சார், எங்க காலேஜ் பேரையும் எழுதிக்கோங்க. இவனப் பாருங்க."

டாக்டரின் முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டு மளமளவென்று ஏதேதோ சொன்னார். இரண்டு கையிலும் சலைன் ஏறியது. அதற்குள் குவார்ட்டர்ஸிலிருந்து அம்மா ஓடிவந்திருந்தாள். அவளிடம் டாக்டர் ஒளிக்கவில்லை. "கிட்னி அடி வாங்கியிருக்கும்மா. சாயந்திரம் ஆறு ஆறரைக்குள்ள யூரின் வந்துட்டா பயமில்ல. வரலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். டயாலிசிஸ் தேவைப்படலாம்."

அப்புறம் ஆரம்பித்தது ஒரு காத்திருப்பு. சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது. ஓர் இருபது வயசுத் தடியன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அம்மாவும், கேப்டனும், எதிர் டீம்காரன் ஒருவனும் வார்டு வாசலில் தவம் கிடந்தார்கள். அவன் டீம் வேனில் கிளம்பிப் போய்விட்டது. அவன் மட்டும் போகவில்லை. ஜெர்சி நனைந்துபோனதால் யாருடைய சட்டையையோ மாட்டியிருந்தான், பொத்தான் போட முடியாத அளவுக்குச் சின்னச் சட்டை. அரை மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, "இன்னா, வருதா?" என்பான். இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவான்.

நாலு மணிக்கு வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. பயம் எனக்கு அப்போதுதான் பிடித்தது. இந்த உடம்பை எவ்வளவு அலட்சியமாக நடத்தியிருக்கிறேன் என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை. கேப்டன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "மச்சான், நாளைக்கு நானே போய் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். கிளப்ப மூடட்டும்" என்றான். சொன்னபடியே செய்தான். ஒரு வருடம் மூடித்தான் கிடந்தது. திறந்தபோது எடை மேட்ச் கிடையாது, தண்ணீர் குடிக்காமல் கோர்ட்டில் இறங்கவும் கூடாது என்று ஆனது. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது என்று கேள்வி. அவர்கள் கிளப்பும் அதே வருடம் ஆடவில்லை. கார்னர்காரனுக்கு அது கடைசி வருடம். அந்த ஃபைனல்தான் அவன் ஆடிய கடைசி ஆட்டம். இதை அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும்.

ஆறு மணி தாண்டி ஏழெட்டு நிமிடம் இருக்கும். வந்தது. ஆறின பிளாக் டீ நிறத்தில், கொஞ்சம்தான். நர்ஸ் பிளாஸ்டிக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வந்துடுச்சும்மா, இனிமே ஒழுங்கா வரும்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா உள்ளே வரவில்லை. என்னவென்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வராந்தாவில் கார்னர்காரன் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, "நான்தாம்மா மறுபடி எடை போடச் சொன்னேன். நான் சொல்லலேன்னா அப்பவே குட்ச்சிருப்பான்மா" என்று தேம்பிக்கொண்டிருந்தான். அதை மத்தியானத்திலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

அம்மா அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ய்யா, குடிக்காமக் கெடந்தது இவன் கொழுப்பு. நீ என்னய்யா செஞ்ச? எம்புள்ள கால விட்டுட்டியே, அது போதும்யா" என்று அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாவும் அழுதாள், அவனும் அழுதான்.

நான் கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்தேன். பயத்தில் அன்று பலமுறை எனக்கு அழுகை முட்டியிருந்தது, ஆனால் கண்ணில் சொட்டு நீர் இல்லை, கண் எரிந்ததோடு சரி. இப்போது ஏதோ ஈரமாகக் காதுப்பக்கம் வழிந்தது. தொட்டுப் பார்த்தேன். கண்ணீர்தான்.